நார் மில் தூளில் மாடித் தோட்டம்: மூட்டை வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

மொட்டை மாடியில் தோட்டம் போட ஆசைப்படும் எல்லோருக்கும் முதலில் வரும் கேள்வி, "அவ்வளவு மண்ணுக்கு எங்கே போவது? அதை மாடி தாங்குமா?" என்பதுதான். ஆண்டிபட்டி வட்டார மக்களுக்கு இதற்கான விடை பக்கத்திலேயே இருக்கிறது. கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை பக்கமும் கம்பம் பள்ளத்தாக்கிலும் தென்னந்தோப்புகள் அதிகம். தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும் இடங்களில் மிஞ்சுகிற தூள், மண்ணுக்குப் பதிலாகச் செடி வளர்க்கப் பயன்படும். இதைத்தான் தென்னை நார்க்கழிவு, நார்த்தூள், கோகோ பீட் என்று பல பெயர்களில் சொல்கிறோம்.

ஆனால் ஒரு விஷயம். மில்லில் இருந்து வந்த தூளை அப்படியே பையில் கொட்டி விதை போட்டால் பல நேரம் செடி வராது. வந்தாலும் மஞ்சளாகி நின்றுவிடும். நார்த்தூள் நல்ல வளர் ஊடகமாக மாற வேண்டுமானால் அதைக் கழுவ வேண்டும், மட்க வைக்க வேண்டும். இந்த இரண்டும் நடந்திருக்கிறதா என்று வாங்கும் முன் எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டிலேயே எப்படிச் சரி செய்வது? மாடிக்குச் சேதம் வராமல் எப்படி வைப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தூள் எப்படி மிஞ்சுகிறது?

தேங்காய் மட்டையை இயந்திரத்தில் அடித்துப் பிரித்தால் எடையில் சுமார் 30 சதவீதம்தான் நாராகக் கிடைக்கும். மீதி சுமார் 70 சதவீதம் தூளும் துண்டு நாரும். கயிறு, மெத்தை, மிதியடி எல்லாம் அந்த 30 சதவீதத்தில் இருந்து வருபவை. தூள் முன்பெல்லாம் மில் ஓரத்தில் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கும். அதில் லிக்னின் என்ற கடினமான பொருள் சுமார் 30 சதவீதம் இருப்பதால் சீக்கிரம் மட்காது. காற்றடித்தால் பறக்கும். வெயிலில் காய்ந்தால் ஒரு பீடித் துண்டு போதும், நாள் கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். மழை பெய்தால் பழுப்பு நிறச் சாறு நிலத்துக்குள் இறங்கும்.

இன்று அதே தூள் கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கப்பல் ஏறுகிறது. இந்தியாவின் கயிறுப் பொருள் ஏற்றுமதியில் இப்போது முன்னணியில் இருப்பது இந்த நார்த்தூள்தான். நெதர்லாந்து போன்ற நாடுகளின் பசுமைக்குடில்களில் தக்காளியும் குடைமிளகாயும் இதில் வளர்கின்றன. கடல் தாண்டிப் போகிற பொருளை நம்ம ஊர் மாடியில் பயன்படுத்த நாம் தயங்க வேண்டியதில்லை.

மாடிக்கு இது ஏன் ஏற்றது?

முதல் காரணம் எடை. நனைந்த தோட்ட மண் ஒரு கன மீட்டர் சுமார் 1,800 கிலோ இருக்கும். நார்த்தூள் தன் எடையைப் போல ஏறக்குறைய 8 மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். அப்படி முழுதாக நனைந்த பிறகும் ஒரு கன மீட்டர் 700 முதல் 800 கிலோவுக்குள்தான் வரும்.

இதை ஒரு பையின் கணக்கில் பாருங்க. 20 லிட்டர் பிடிக்கும் செடிப் பையில் வெறும் மண் நிரப்பித் தண்ணீர் விட்டால் சுமார் 36 கிலோ. அதே பையில் நார்த்தூள் 3 பங்கு, மட்கிய உரம் 1 பங்கு என்று நிரப்பினால் சுமார் 16 கிலோ. 20 பை வைத்தால் மண்ணில் 720 கிலோ, நார்த்தூள் கலவையில் 320 கிலோ. வித்தியாசம் 400 கிலோ, அதாவது 8 சிமென்ட் மூட்டை எடை.

ஆட்கள் ஏறிப் புழங்கும் தட்டையான மொட்டை மாடிக்கு, தளத்தின் சொந்த எடை போக, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் சுமை என்ற கணக்கில்தான் இந்தியத் தர நிர்ணயம் வடிவமைக்கச் சொல்கிறது. மனிதர்கள், தண்ணீர், பொருட்கள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். மாடி முழுக்க 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் பரப்பினால் மழை நாளில் சதுர மீட்டருக்கு 270 கிலோ ஆகிவிடும். "கொஞ்சம் மண்தானே" என்று பரப்புவது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்தே புரியும்.

இரண்டாவது காரணம் தண்ணீர். ஆண்டிபட்டி வெயிலுக்கு மாடியில் வைத்த பை மதியத்துக்குள் காய்ந்துவிடும். நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். காற்றோட்டமும் நன்றாக இருப்பதால் வேர் எளிதாக ஓடும்.

அப்படியே போட்டால் என்ன ஆகும்?

இரண்டு சிக்கல்கள் வரும்.

ஒன்று, உப்பு. தேங்காய் மட்டையில் பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்புகள் இயற்கையாகவே உண்டு. உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டை என்றால் இன்னும் அதிகம். உப்பு மிகுந்த தூளில் விதை முளைக்கத் திணறும், நாற்றின் இலை நுனி கருகும். ஏற்றுமதிக்குத் தயார் செய்பவர்கள் தூளை நல்ல தண்ணீரில் பல முறை கழுவுகிறார்கள். தூளோடு ஒட்டிக்கொண்ட சோடியத்தை வெளியேற்ற கால்சியம் நைட்ரேட் கரைசலிலும் ஊற வைக்கிறார்கள்.

இரண்டு, தழைச்சத்துப் பற்றாக்குறை. பச்சைத் தூளில் கார்பன் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. விகிதம் 100-க்கு 1 என்ற அளவுக்கு மேல். இதை மட்க வைக்கும் நுண்ணுயிரிகள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடிக்கு நீங்கள் போட்ட உரத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும். "உரம் போட்டும் இலை மஞ்சளாவே இருக்கு" என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகப் பரிந்துரைக்கும் வழி, சிப்பிக் காளான் வித்து. 1 டன் நார்த்தூளுக்கு 5 புட்டி காளான் வித்து, 5 கிலோ யூரியா. நிழலில் 100 கிலோ தூளைப் பரப்பி ஒரு புட்டி வித்தைத் தூவ வேண்டும். அதன்மேல் அடுத்த 100 கிலோ தூளைப் போட்டு 1 கிலோ யூரியாவைத் தூவ வேண்டும். இப்படி மாற்றி மாற்றி சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கி ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், 30 முதல் 60 நாளில் தூள் கறுத்து மட்கிவிடும். கார்பன்–தழைச்சத்து விகிதம் 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கும். லிக்னினும் பெருமளவு குறையும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

இந்தக் கேள்வி தேனி மாவட்டத்துக்கு முக்கியமானது. வருசநாட்டு மலையில் பிறக்கும் மூல வைகை கடமலைக்குண்டு வழியாகத்தான் வருகிறது. முல்லைப் பெரியாற்றுடன் சேர்ந்து ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணையில் தேங்குகிறது. மதுரை வரை குடிநீர் இதிலிருந்து போகிறது. ஆற்றோரக் கிணறுகளை நம்பித்தான் நம்ம கிராமங்களும் இருக்கின்றன.

தூளைக் கழுவும் தண்ணீரில் உப்பும், தேநீர் நிறத்தில் கரையும் டானின் போன்ற பொருட்களும் இருக்கும். அதை அப்படியே நிலத்தில் விட்டால் கிணற்று நீர் நிறம் மாறும், உப்பேறும். பொள்ளாச்சிப் பகுதி விவசாயிகள் இதைப் பற்றிப் புகார் சொல்லியிருக்கிறார்கள். 2021-இல் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் தென்னை நார்த் தொழிலை மாசு இல்லாத 'வெள்ளை' வகையிலிருந்து 'ஆரஞ்சு' வகைக்கு மாற்றியது. ஆரஞ்சு வகைத் தொழில் என்றால் வாரியத்தின் இசைவு பெற வேண்டும், கழிவுநீரை முறையாகக் கையாள வேண்டும்.

அதனால் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்கும்போது, "கழுவுகிற தண்ணீரை என்ன பண்றீங்க?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்க. தொட்டியில் தேக்கி மறுபடி பயன்படுத்துகிறவரிடம் வாங்கினால், உங்க மாடியில் விளையும் கீரைக்காக இன்னொருவர் கிணறு கெடாது.

வாங்கும் முன் கேளுங்கள், பாருங்கள்

1. "கழுவியதா?" பொட்டலத்தில் 'லோ ஈசி' என்று போட்டிருந்தால் உப்பு குறைத்தது என்று பொருள். ஈசி அளவு 0.5 அல்லது அதற்குக் கீழே இருப்பது நல்லது.

2. "மட்கியதா?" பச்சைத் தூள் வெளிர் பழுப்பாக இருக்கும். மட்கியது கரும்பழுப்பு அல்லது கறுப்பாக, மண் வாசனையோடு இருக்கும். புளித்த வாடையோ யூரியா நெடியோ அடித்தால் இன்னும் தயாராகவில்லை.

3. கட்டியாக வாங்கினால் எடையைப் பாருங்க. 5 கிலோ கட்டி தண்ணீரில் ஊறினால் 60 முதல் 75 லிட்டர் வரை உப்பும். 20 லிட்டர் பை மூன்று, நான்குக்கு அது போதும்.

4. மொத்தமாக வாங்கும் முன் ஒரு கிலோ மட்டும் வாங்கி முளைப்புச் சோதனை செய்யுங்க.

முளைப்புச் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு காகிதக் கோப்பை எடுத்து அடியில் ஓட்டை போடுங்க. ஒன்றில் நார்த்தூள், இன்னொன்றில் நல்ல தோட்ட மண். இரண்டிலும் பத்துப் பத்து வெந்தயம் விதைத்து ஒரே அளவு தண்ணீர் தெளியுங்க. தினமும் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் ஒப்பிட வசதியாக இருக்கும். ஐந்தாறு நாளில் எண்ணிப் பாருங்க. தூளில் முளைத்தது மண்ணில் முளைத்ததைவிட மிகவும் குறைவாக இருந்தாலோ, வேர் நுனி பழுப்பாகி நின்றுவிட்டாலோ, அந்தத் தூளை இன்னும் கழுவ வேண்டும்.

வீட்டில் தண்ணீர் சோதிக்கும் டிடிஎஸ் பேனா இருந்தால் இன்னும் சுலபம். குழாய்த் தண்ணீரை முதலில் அளந்துகொள்ளுங்க. அதில் ஒரு கைப்பிடித் தூளை ஊற வைத்து வடிகட்டி மறுபடி அளந்து பாருங்க. எண் பல மடங்கு ஏறினால் உப்பு இருக்கிறது.

வீட்டிலேயே சரி செய்யும் முறை

* தூளைச் சாக்குப் பையில் போட்டு, நல்ல தண்ணீர் நிரப்பிய தொட்டியில் ஒரு நாள் முழுக்க ஊற விடுங்க. மறுநாள் பையைத் தூக்கி வடிய விடுங்க. இதையே இரண்டு, மூன்று முறை செய்தால் தண்ணீரின் நிறம் வெளுத்து வரும்.
* வடித்த தண்ணீரைத் தென்னை மரத்துக்கு ஊற்றலாம். தென்னை உப்பைத் தாங்கும், பொட்டாசியமும் அதற்கு வேண்டியதுதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டாம். கிணறு, ஆழ்துளைக் கிணற்றின் பக்கமும் வேண்டாம்.
* கழுவியது பச்சைத் தூள் என்றால், 200 கிலோவுக்கு ஒரு புட்டி காளான் வித்தும் 1 கிலோ யூரியாவும் என்ற கணக்கில் நிழலில் மட்க விடுங்க. அவ்வளவு தேவைப்படாத வீடுகள் மட்கியதாகவே வாங்குவது நல்லது.
* காய்ந்த தூளைக் கிளறும்போது முகக்கவசம் போடுங்க. அடுப்பு, மின் இணைப்பு பக்கத்தில் குவித்து வைக்காதீங்க.

கலவைக்கு 3 பங்கு மட்கிய நார்த்தூள், 1 பங்கு மண்புழு உரம் அல்லது நன்கு மட்கிய தொழு உரம், பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. நார்த்தூளில் தானாக ஊட்டம் கிடையாது. அது ஈரத்தையும் காற்றையும் தருகிற படுக்கை மட்டும்தான். உரம் இல்லாமல் எந்தக் காயும் வராது.

மாடியில் எங்கே, எப்படி வைப்பது?

முதலில் மாடியின் தன்மையைப் பாருங்க. ஓட்டு வீடு, ஷீட் கூரை, மரக்கட்டை பாவிய பழைய மச்சு வீடு ஆகியவற்றில் வேண்டாம். கான்கிரீட் தளத்தில் விரிசல், கம்பி தெரியும் இடம், உள்கூரையில் ஈரக் கறை இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்க.

பைகளை மாடியின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரும் உத்திரமும் போகும் ஓரங்களை ஒட்டி வரிசையாக வையுங்க. பையைத் தரையில் அப்படியே வைக்காமல் இரண்டு செங்கல் மீதோ இரும்புத் தாங்கியிலோ வைத்தால் அடியில் காற்றோடும், தளம் காயும். பையின் அடியில் ஓட்டைகள் கட்டாயம் இருக்க வேண்டும். மழைநீர்க் குழாய் வாயில் தூள் அடைக்காமல் வலை போடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழாய் அடைத்தால் மாடியே தொட்டி ஆகிவிடும். எடையும் ஏறும், டெங்கு கொசுவும் வரும்.

மாடி முழுக்கப் பரப்பி வளர்ப்பது வேறு வேலை. அதைத்தான் பசுமைக் கூரை என்கிறார்கள். நீர்க்கசிவுத் தடுப்பு, வேர்த் தடுப்பு, வடிகால் அடுக்கு, வடிகட்டும் துணி, அதன்மேல் வளர் ஊடகம் என்று வரிசையாக அமைக்க வேண்டும். கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது. அங்கே வெறும் நார்த்தூளும் போதாது. அது வருடா வருடம் மட்கித் தாழ்ந்துபோகும். பசுமைக் கூரைகளில் முன்னோடியான ஜெர்மனியில் உடைந்த செங்கல், ஓட்டுத் துண்டுகளை நொறுக்கி ஊடகத்தின் பெரும்பகுதியாகப் பயன்படுத்துகிறார்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மாடித் தளம் போட்ட ஊர் நம்முடையது. சூளை உடைசல் நமக்கும் புதிதல்ல. அதை நொறுக்கிப் பையின் அடியில் வடிகால் அடுக்காகவும் போடலாம்.

வேறு ஆலைக் கழிவுகள் ஆகுமா?

சர்க்கரை ஆலையின் பிரஸ்மட், நன்கு மட்கிய பிறகு நல்ல உரம். நூற்பாலையின் சாயமேறாத பஞ்சுக் கழிவையும் மட்க வைத்துச் சேர்க்கலாம். ஆனால் சாயப்பட்டறைச் சேறு, தோல் பதனிடும் கழிவு, உடைந்த ஆஸ்பெஸ்டாஸ், பெயின்ட் படிந்த இடிபாடு ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். அனல் மின் நிலையச் சாம்பல் செங்கல் செய்ய உதவும். அதில் கன உலோகங்கள் இருக்க வாய்ப்புள்ளதால் சாப்பிடும் காய்கறிக்கு வேண்டாம். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத கழிவு, விலையில்லாமல் கிடைத்தாலும் உங்க மாடிக்கு வேண்டாம்.

அரசு தரும் மாடித்தோட்டத் தளை

தோட்டக்கலைத் துறை மானியத்தில் மாடித்தோட்டத் தளைகளை வழங்கி வருகிறது. 2021-22-இல் முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தின்கீழ் தரப்பட்ட தளையில் இவை இருந்தன: செடி வளர்க்கும் பை 6, தலா 2 கிலோ நார்த்தூள் கட்டி 6, ஆறு வகை காய்கறி விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி தலா 200 கிராம், வேப்ப எண்ணெய் 100 மில்லி, வளர்ப்புக் கையேடு. மொத்த மதிப்பு 900 ரூபாய். பயனாளி கட்டியது 225 ரூபாய். பின்னர் அது 450 ரூபாயானது. ஒருவருக்கு அதிகபட்சம் 2 தளை. மானிய அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளுங்க.

பதிவு செய்ய:

* தோட்டக்கலைத் துறை இணையதளத்தில் மாடித்தோட்டத் தளைக்கான பக்கத்தில் பெயர், முகவரி, ஆதார் விவரத்துடன் பதியலாம்.
* கைபேசியில் உழவன் செயலியைப் பதிவிறக்கி, மானியத் திட்டங்கள் பகுதியில் நடப்பில் உள்ள திட்டங்களைப் பார்க்கலாம்.
* நேரில் என்றால் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம்.

தளையில் வரும் 2 கிலோ கட்டியை 8 முதல் 10 லிட்டர் தண்ணீரில் ஊற வைத்தால் ஒரு பைக்குப் போதுமான அளவு உதிரும். தொழு உரத்தை மட்டும் நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*ஒரு முறை நிரப்பினால் எத்தனை வருஷம் வரும்?*
தூள் மெதுவாக மட்கி அளவு குறையும். ஒவ்வொரு பட்டம் முடிந்ததும் பழைய வேரை எடுத்துவிட்டு, குறைந்த அளவுக்குப் புதுத் தூளும் உரமும் சேருங்க. பழைய கலவையைத் தூக்கிப் போட வேண்டாம். தரைச் செடிகளுக்கு அது நல்ல மண் வளம்.

*எங்க போர்வெல் தண்ணி உப்பு. பரவாயில்லையா?*
உப்புத் தண்ணீர் தொடர்ந்து விட்டால் பையில் உப்பு சேரும். வாரம் ஒரு முறை பையின் அடியில் வழியும் அளவுக்குத் தாராளமாக ஊற்றுங்க. மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றினால் இன்னும் நல்லது.

*மேலே காய்ந்தது போல இருந்தால் தண்ணீர் விடலாமா?*
நார்த்தூள் மேலே வெளுத்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்க. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் அன்றைக்குத் தண்ணீர் தேவையில்லை.

*முதலில் என்ன விதைக்கலாம்?*
முளைக்கீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி. ஒரு மாதத்துக்குள் பலன் தெரியும். கலவை சரியாக இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அதன்பின் கத்தரி, தக்காளி, மிளகாய்க்குப் போகலாம்.

*நார்த்தூள் கழுவும் தண்ணீர் எங்க ஊர் ஓடையில் விடப்படுகிறது. யாரிடம் சொல்வது?*
இடம், தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் புகார் தரலாம். 'முதல்வரின் முகவரி' உதவி எண் 1100-லும் பதிவு செய்யலாம். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்க.

தொழில்நுட்ப ஆலோசனைக்கு: பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம், வைகை அணை வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம். கிசான் அழைப்பு மையம்: 1800 180 1551 (கட்டணமில்லை, தமிழில் பேசலாம்).